லினக்ஸ் கன்சோலில் எழுத்து அளவும் ரெசல்யூஷனும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலூர் மாவட்டம் 2019-ல் மூன்றாகப் பிரிந்துவிட்டது. ஆனாலும் பழைய வட ஆற்காடு முழுவதிலிருந்தும் என்னிடம் வருவது ஒரே கேள்விதான். ராணிப்பேட்டையில் தோல் நிறுவனத்துக் கணக்கு அறை, லாங் பஜாரில் பில் போடும் மேசை, காட்பாடியில் அறை எடுத்துத் தங்கிப் படிக்கும் மாணவர், குடியாத்தத்தில் வீட்டிலேயே சிறு சர்வர் வைத்திருப்பவர் என்று யார் அழைத்தாலும், கருப்புத் திரையில் எழுத்து தெரியவில்லை என்றுதான் பேச்சு தொடங்குகிறது. கண்ணைச் சுருக்கிக்கொண்டு வேலை செய்ய வேண்டிய தேவை யாருக்கும் இல்லை. அதனால் பதில்களை ஒரே இடத்தில் தொகுத்திருக்கிறேன்.

படிப்பதற்கு முன் ஒரு குறிப்பு. தொலைபேசியில் சொல்லும்போது எப்படி உச்சரிப்பேனோ அப்படியே கட்டளைகளைத் தமிழில் எழுதியிருக்கிறேன். தட்டும்போது ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் தட்டுங்கள். பெரிய எழுத்து வேண்டிய இடங்களில் தனியாகச் சொல்லியிருக்கிறேன். கணினி அமைப்பை மாற்றும் கட்டளைகள் எல்லாவற்றுக்கும் முன்னால் ‘சூடோ’ சேர்க்க வேண்டும். அதை ஒவ்வொரு முறையும் எழுதவில்லை.

கன்சோல், டெர்மினல் இரண்டும் ஒன்றுதானே?

இல்லை. டெஸ்க்டாப்பில் ஒரு சாளரமாகத் திறக்கிறதே, அது டெர்மினல் என்னும் சாதாரண நிரல். அதன் எழுத்துருவை அதன் அமைப்புப் பக்கத்திலேயே மாற்றிக்கொள்ளலாம். கண்ட்ரோலையும் ஷிஃப்டையும் அழுத்திக்கொண்டு கூட்டல் குறியைத் தட்டினாலே பெரும்பாலானவற்றில் எழுத்து பெரிதாகும். கன்சோல் என்பது லினக்ஸின் மையப் பகுதியான கர்னலே நேரடியாகத் திரையில் எழுதும் இடம். கண்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்தினால் முழுத் திரையும் கருப்பாகி ‘லாகின்’ என்று கேட்கும். அதுதான் கன்சோல். எஃப்4, எஃப்5, எஃப்6 விசைகளிலும் தனித்தனிக் கன்சோல்கள் இருக்கும். டெஸ்க்டாப்புக்குத் திரும்ப எஃப்1 அல்லது எஃப்2. பழைய கணினிகளில் எஃப்7.

இந்தப் பக்கம் முழுவதும் கன்சோலைப் பற்றியதே. இந்த வேறுபாடு மனத்தில் இருந்தால் கீழே வரும் பாதிக் குழப்பங்கள் எழாது.

நான் எந்த விசையையும் அழுத்தவில்லை சார். கரண்ட் போய் வந்ததும் கணினி தானாகக் கருப்புத் திரையில் நிற்கிறது. ஏன்?

கோடையில் இந்தக் கேள்வி அதிகம் வரும். மின்சாரம் திடீரென நின்றபோது வட்டில் பாதி எழுதிய நிலையில் ஏதோ விடுபட்டிருக்கிறது. அடுத்த முறை பூட் ஆகும்போது கணினி அதைச் சரிபார்க்கிறது. தானாகச் சரிசெய்ய முடியாவிட்டால் உங்கள் உதவியைக் கேட்டு அவசர நிலைக் கன்சோலில் நிற்கிறது. வட்டின் எந்தப் பகுதியைச் (பார்ட்டிஷன்) சரிபார்க்க வேண்டும் என்று திரையிலேயே பெயர் இருக்கும். ‘எஃப்எஸ்சிகே’ கட்டளையுடன் அந்தப் பெயரைக் கொடுத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

அந்தப் பெயரைப் பிழையில்லாமல் படித்தால்தான் இது நடக்கும். மடிக்கணினித் திரையில் பொடி எழுத்தில், ஒன்று என்ற எண்ணையும் எல் என்ற எழுத்தையும் பிரித்துப் பார்க்க முடியாமல் தடுமாறியவர்கள் பலர். கணினி நன்றாக ஓடும்போதே கன்சோல் எழுத்தைப் பெரிதாக்கி வைத்துவிடுங்கள் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

எழுத்து மிகவும் பொடியாக இருக்கிறது. ரெசல்யூஷனைக் குறைத்தால் சரியாகிவிடுமா?

எழுத்து பெரிதாகும், ஆனால் மங்கும். ரெசல்யூஷன் என்பது திரையின் அகலத்திலும் உயரத்திலும் எத்தனை புள்ளி (பிக்சல்) என்ற கணக்கு. தட்டைத் திரைகளுக்கு அவற்றோடு பிறந்த ஒரே ஒரு ரெசல்யூஷன்தான் உண்டு. 1920×1080 திரைக்கு 1024×768 கொடுத்தால், ஒரு புள்ளியை உயரத்தில் சுமார் 1.4, அகலத்தில் சுமார் 1.9 புள்ளியாக நீட்ட வேண்டிவரும். எழுத்தின் விளிம்பு பிசிறும். எழுத்து சிறியது என்றால் மாற்ற வேண்டியது எழுத்துருவை. ரெசல்யூஷனைத் தொடாதீர்கள்.

கணக்கு எளியது. கன்சோலில் ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரே அளவுள்ள கட்டம். கர்னலின் வழக்கமான கட்டம் 8 பிக்சல் அகலம், 16 பிக்சல் உயரம். 1920-ஐ 8-ஆல் வகுத்தால் வரிக்கு 240 எழுத்து; 1080-ஐ 16-ஆல் வகுத்தால் 67 வரி. அவ்வளவு எழுத்தை ஒரு திரையில் யாரும் படிக்கப்போவதில்லை. 14 அங்குல மடிக்கணினியில் அந்தக் கட்டத்தின் உயரம் 2.6 மி.மீ. மட்டுமே. 16×32 எழுத்துருவுக்கு மாறினால் உயரம் 5 மி.மீ.க்கு மேல் போகிறது. வரிக்கு 120 எழுத்து, 33 வரி கிடைக்கிறது. விளிம்பும் கூர்மையாகவே இருக்கும்.

உபுண்டு வைத்திருக்கிறேன். எளிதான வழி எது?

‘டிபிகேஜி-ரீகான்ஃபிகர் கன்சோல்-செட்டப்’ என்று கொடுங்கள். டெபியன், உபுண்டு, மின்ட் எல்லாவற்றுக்கும் இதுவே. சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் டெபியனை அடிப்படையாகக் கொண்டதால் அங்கேயும் இதை முயலலாம். நீலத் திரையில் நான்கு கேள்விகள் வரும். குறியேற்றத்துக்கு யுடிஎஃப்-8. எழுத்துத் தொகுப்புக்கு ‘உகந்ததை ஊகி’ என்ற வரி. எழுத்துருவுக்கு டெர்மினஸ். அளவுக்கு 16×32, அல்லது கொஞ்சம் சிறிதாக வேண்டுமென்றால் 12×24.

நீங்கள் தேர்ந்தது ஈடிசி அடைவில், டீஃபால்ட் என்ற உள் அடைவில், ‘கன்சோல்-செட்டப்’ கோப்பில் பதிவாகிறது. கோப்பைக் கையால் திருத்தினால் பிறகு ‘செட்அப்கான்’ கட்டளையைக் கன்சோலில் நின்று கொடுங்கள், உடனே மாறும்.

அந்தப் பட்டியலில் ஃபிக்ஸ்ட், கோஹா, டெர்மினஸ், விஜிஏ என்று நிறைய இருக்கின்றன. எதை எடுப்பது?

டெர்மினஸ். நீண்ட நேரம் பார்த்து வேலை செய்வதற்கென்றே வரையப்பட்ட எழுத்துரு அது. 12 பிக்சல் உயரத்திலிருந்து 32 வரை ஒவ்வோர் அளவுக்கும் தனித்தனியாக வரைந்திருக்கிறார்கள். சிறியதை இழுத்துப் பெரிதாக்கியதில்லை. சுழியும் ஓ எழுத்தும் குழம்புவதில்லை. திரை மங்கலாக இருக்கும் பழைய மானிட்டர் என்றால் ‘டெர்மினஸ்போல்ட்’ எடுங்கள்.

விஜிஏ என்பது பழைய ஐபிஎம் வகைக் கணினிகளின் எழுத்து வடிவம். அதைப் பார்த்தே பழகியவர்களுக்குப் பிடிக்கும். ஃபிக்ஸ்டில் பல மொழி எழுத்துகள் உண்டு, ஆனால் பெரிய அளவு இல்லை. கோஹா எத்தியோப்பிய எழுத்துகளுக்கானது.

கோப்புகளைத் தேடிப் பார்ப்பவர்களுக்கு இன்னொன்று: டெபியனில் கோப்பின் பெயரில் உயரம் முன்னால் வரும். தேர்வுப் பட்டியலில் 16×32 என்று இருப்பது கோப்புப் பெயரில் 32×16 என்று இருக்கும். இரண்டும் ஒரே எழுத்துருதான்.

ஃபெடோராவில் அந்தக் கட்டளையே இல்லை என்கிறதே?

ஃபெடோரா, ஆர்ச் போன்றவற்றில் ஈடிசி அடைவிலுள்ள ‘விகன்சோல்.கான்ஃப்’ கோப்பில் ஒரே ஒரு வரி எழுத வேண்டும்: ‘ஃபாண்ட்=டெர்-132என்’. சமக்குறிக்கு முன்னால் உள்ள சொல் மட்டும் பெரிய எழுத்து. பிறகு ‘சிஸ்டம்சிடிஎல் ரீஸ்டார்ட் சிஸ்டம்டி-விகன்சோல்-செட்டப்’ கொடுங்கள். அதற்கு முன் டெர்மினஸ் தொகுப்பை நிறுவியிருக்க வேண்டும். ஃபெடோராவில் அதன் பெயர் ‘டெர்மினஸ்-ஃபாண்ட்ஸ்-கன்சோல்’, ஆர்ச்சில் ‘டெர்மினஸ்-ஃபாண்ட்’.

டெர்-132என் என்ற பெயரில் எல்லாமே அடங்கியிருக்கிறது. முதல் 1 மேற்கு ஐரோப்பிய எழுத்துத் தொகுப்பு, 32 உயரம், என் என்றால் சாதாரணம். தடித்தது வேண்டுமென்றால் கடைசி எழுத்தை பி ஆக்குங்கள். 24 உயரம் போதும் என்றால் டெர்-124என்.

செட்ஃபாண்ட் கொடுத்தால் அழகாக மாறுகிறது. ரீபூட் செய்ததும் பழையபடி ஆகிவிடுகிறது. என்ன செய்வது?

அது தற்காலிகக் கட்டளை. நீங்கள் நிற்கும் கன்சோலுக்கு மட்டும் எழுத்துருவை ஏற்றும். எங்கும் பதிவு செய்யாது. வெவ்வேறு எழுத்துருக்களைப் போட்டுப் பார்த்துத் தேர்வதற்கு அதைவிட நல்ல வழி இல்லை. டெபியன் வகையில் எழுத்துருக்கள் யுஎஸ்ஆர், ஷேர், கன்சோல்ஃபாண்ட்ஸ் என்ற வரிசையிலுள்ள அடைவில் இருக்கும். பெயரை மட்டும் கொடுத்தால் போதும், முழுப் பாதை தேவையில்லை. பிடித்ததைக் கண்டுபிடித்த பிறகு மேலே சொன்ன இரண்டு வழிகளில் உங்களுக்குரியதில் நிலையாகப் பதியுங்கள்.

செட்ஃபாண்ட் கொடுத்தால் ‘கன்சோலைக் குறிக்கும் கோப்பு கிடைக்கவில்லை’ என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஏதோ வருகிறது.

டெஸ்க்டாப் டெர்மினலில் நின்று கொடுக்கிறீர்கள். முதல் பதிலைப் பாருங்கள். எஃப்3 கன்சோலுக்குப் போய்க் கொடுத்தால் வேலை செய்யும்.

சர்வருக்கு எஸ்எஸ்எச் வழியாகப் போய் எழுத்துருவை மாற்றினேன். என் திரையில் மாறவில்லையே அண்ணா?

எஸ்எஸ்எச் என்பது வேறொரு கணினிக்குள் வலைவழி நுழையும் முறை. அதில் வருவது எழுத்துகளின் எண்கள் மட்டும். அவற்றை எந்த வடிவில் வரைவது என்பதை உங்கள் முன்னால் இருக்கும் கணினி முடிவு செய்கிறது. நீங்கள் செய்த மாற்றம் சர்வரில் பதிவாகியிருக்கும். அதனுடன் ஒரு மானிட்டரை இணைத்தால் தெரியும்.

பூட் ஆகும்போது முதலில் ஒரு எழுத்து, பாதியில் திரை ஒருமுறை அணைந்து வேறு எழுத்து, கடைசியில்தான் நான் வைத்த எழுத்து வருகிறது. கெட்டுப்போயிருக்கிறதா?

கெடவில்லை. மூன்று பேர் அடுத்தடுத்துத் திரையைக் கையில் எடுக்கிறார்கள். முதலில் கிரப்பும் (கர்னலை ஏற்றித் தொடங்கிவைக்கும் நிரல்) மதர்போர்டின் மென்பொருளும் வைத்த நிலை. பிறகு கிராபிக்ஸ் டிரைவர் வந்து, மானிட்டருக்குரிய ரெசல்யூஷனைத் தானே அமைக்கிறது. அந்த நொடியில்தான் திரை அணைந்து எரிகிறது. கர்னலே ரெசல்யூஷனை அமைக்கும் இந்த ஏற்பாட்டுக்கு ‘கர்னல் மோட் செட்டிங்’ என்று பெயர். அதன் பிறகே உங்கள் எழுத்துரு ஏறுகிறது.

முன்கூட்டியே ஏற வேண்டுமென்றால் எழுத்துருவை பூட் வட்டுப் படிமத்துக்குள் (பூட் தொடங்கும்போது கர்னலுடன் ஏறும் சிறு கோப்புத் தொகுப்பு) சேர்க்க வேண்டும். டெபியன் வகையில் ‘அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் -யு’. ஃபெடோராவில் ‘டிராகட் -எஃப்’. ஆர்ச்சில் எம்கேஇனிட்சிபிஐஓ கோப்பின் ஹூக் வரிசையில் ‘கன்சோல்ஃபாண்ட்’ அல்லது ‘எஸ்டி-விகன்சோல்’ இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் படிமத்தைப் புதுப்பியுங்கள். இரண்டாம் கேள்வியில் சொன்ன அவசரக் கன்சோல் பல நேரங்களில் இந்தப் படிமத்துக்குள்ளிருந்தே ஓடுகிறது. ஆகவே இந்தப் படியைத் தவிர்க்காதீர்கள். எழுத்து முதலில் சரியாக இருந்து பிறகு சிறியதாகி அப்படியே நின்றுவிட்டால், டிரைவர் தாமதமாக ஏறி எழுத்துருவைத் துடைத்துவிட்டது என்று பொருள். கிராபிக்ஸ் டிரைவரையும் அதே படிமத்தில் சேர்த்தால் சரியாகும்.

பில் நிரலில் அடி வரி தெரியவில்லை. 16×32 வைத்த பிறகுதான் இப்படி.

பழைய பில் நிரல்கள் 80 எழுத்து, 25 வரி என்ற திரைக்காக எழுதப்பட்டவை. 1366×768 திரையில் 32 உயர எழுத்து வைத்தால், 768-ஐ 32-ஆல் வகுக்க 24 வரிதான் வருகிறது. மொத்தத் தொகை காட்டும் கடைசி வரி அடிபட்டுப் போகிறது. அரசு கொடுத்த விலையில்லா மடிக்கணினிகள் பலவற்றின் திரையும் இதே அளவுதான். அவற்றைக் கடையில் பயன்படுத்துபவர்கள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும்.

14×28-ஐ எடுங்கள். 97 எழுத்து, 27 வரி கிடைக்கும். மாற்றிய பிறகு ‘எஸ்டிடிஒய் சைஸ்’ என்று கொடுத்தால் முதலில் வரி எண்ணிக்கையும் அடுத்து எழுத்து எண்ணிக்கையும் காட்டும். எந்த நிரலுக்கு எழுத்துருவைத் தேர்ந்தாலும் இந்த இரண்டு எண்களைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

சரி, ரெசல்யூஷனை மாற்றியே ஆக வேண்டிய நேரம் என்று ஒன்று உண்டா?

உண்டு. புரொஜெக்டர் சரியான படம் காட்டாதபோது, இரண்டு கணினிக்கு ஒரே மானிட்டரைப் பகிரும் பெட்டி நடுவில் இருக்கும்போது, மெய்நிகர்க் கணினியின் சாளரம் திரைக்குள் அடங்காதபோது. இவற்றுக்குக் கர்னலுக்குக் கொடுக்கும் ‘வீடியோ=’ என்ற வரிதான் சரியான வழி. எடுத்துக்காட்டாக, ‘வீடியோ=எச்டிஎம்ஐ-ஏ-1:1280×720@60’. இங்கே எச்டிஎம்ஐ-ஏ பெரிய எழுத்து. பெருக்கல் குறியின் இடத்தில் ஆங்கில எக்ஸ். கேபிள் செருகிய வாயிலின் பெயர் சிஸ், கிளாஸ், டிஆர்எம் என்ற அடைவில் இருக்கும். ஒவ்வொரு வாயிலின் அடைவுக்குள்ளும் ‘மோட்ஸ்’ என்ற கோப்பு உண்டு. மானிட்டர் ஏற்கும் ரெசல்யூஷன்களின் பட்டியல் அதுதான். அதில் உள்ளதைக் கொடுப்பது பாதுகாப்பு.

நேரடியாகக் கோப்பில் எழுதிவிடாதீர்கள். கிரப் பட்டியல் வரும்போது ஈ விசையை அழுத்தி, ‘லினக்ஸ்’ என்று தொடங்கும் வரியின் இறுதியில் சேர்த்து, கண்ட்ரோல்-எக்ஸ் அழுத்தி பூட் செய்து பாருங்கள். அந்த ஒரு முறைக்கு மட்டுமே அது செல்லும். சரியாக வந்தால் ஈடிசி, டீஃபால்ட் அடைவிலுள்ள ‘கிரப்’ கோப்பில் பதிந்து ‘அப்டேட்-கிரப்’ கொடுங்கள்.

கிரப் கோப்பில் ஜிஎஃப்எக்ஸ்மோட் என்று ஒரு வரி இருக்கிறதே, அதை மாற்றினால் போதாதா?

அது கிரப் பட்டியல் தெரியும் ரெசல்யூஷன். ‘ஜிஎஃப்எக்ஸ்பேலோட்’ வரியில் ‘கீப்’ என்று போட்டால் கர்னலும் அதையே பிடித்துக்கொண்டு தொடங்கும். ஆனால் கிராபிக்ஸ் டிரைவர் வந்ததும், மேலே சொன்னபடி, மானிட்டருக்குரியதைத் தானே அமைத்துவிடும். வைத்தது நிற்கவில்லை என்று பலர் சொல்வதற்கு இதுவே காரணம்.

கிரப் பட்டியலின் எழுத்தே சிறியது என்றால், ‘கிரப்-எம்கேஃபாண்ட்’ கொண்டு ஒரு சாதாரண எழுத்துருக் கோப்பை 32 அளவில் மாற்றி, கிரப் கோப்பில் ‘கிரப்_ஃபாண்ட்’ என்ற வரியில் அதன் பாதையைக் கொடுக்கலாம். கன்சோல் எழுத்துருவுக்கும் இதற்கும் தொடர்பில்லை.

பழைய குறிப்பேட்டில் விஜிஏ=791 என்று எழுதி வைத்திருக்கிறேன். இப்போது ஏன் வேலை செய்யவில்லை?

791 என்பது 1024×768, 16 பிட் நிறம் என்பதற்கான எண். பயாஸ், யுஇஎஃப்ஐ இரண்டும் கணினியைத் தொடங்கிவைக்கும் மதர்போர்டு மென்பொருளின் பழைய, புதிய வகைகள். பழைய பயாஸ் முறையில் கிராபிக்ஸ் அட்டையிடம் அந்த எண்ணைச் சொன்னால் புரியும். யுஇஎஃப்ஐ முறையில் பூட் ஆகும் கணினிகளில் அந்தப் பேச்சுவழியே இல்லை. அதை அடித்துவிட்டு ‘வீடியோ=’ வரியை எழுதிக்கொள்ளுங்கள்.

மானிட்டர் 1366×768. கன்சோல் 1024×768-ல்தான் வருகிறது. பக்கத்தில் கருப்புப் பட்டை, இல்லையென்றால் எழுத்து அகலமாக இழுபடுகிறது.

மானிட்டர் தன்னைப் பற்றிய விவரத்தைக் கேபிள் வழியாகக் கணினிக்குச் சொல்ல வேண்டும். அந்த விவரத் தொகுப்புக்கு ஈடிஐடி என்று பெயர். அது வந்து சேராவிட்டால் கர்னல் 1024×768 என்ற பொதுவான அளவில் நின்றுகொள்கிறது. விலை குறைந்த விஜிஏ மாற்றிகளும் ஊசி உடைந்த கேபிள்களும் மானிட்டர் பகிரும் பெட்டிகளும்தான் வழக்கமான குற்றவாளிகள். முதலில் வேறு கேபிள் போட்டுப் பாருங்கள். மென்பொருளில் அரை நாள் தேடுவதைவிட இது மேல்.

கேபிளை மாற்ற முடியாத இடமென்றால் ‘வீடியோ=விஜிஏ-1:1366×768@60’ என்று கொடுக்கலாம். இங்கே விஜிஏ பெரிய எழுத்து. வாயிலில் எதுவும் செருகவில்லை என்றே கணினி நினைத்தால், 60-ஐ ஒட்டி ஈ என்ற எழுத்தைச் சேருங்கள். அது வாயிலை வலுக்கட்டாயமாக இயக்கும். 1366 என்பது 8-ஆல் வகுபடாத எண். அதனால் பல கணினிகளின் கிரப் பட்டியலில் அது இருக்காது. 1360×768 இருந்தால் அதை எடுங்கள். ஆறு பிக்சல் வேறுபாடு கண்ணுக்குத் தெரியாது.

நோமோட்செட் போட்டால்தான் என் கணினி பூட் ஆகிறது. அப்போது வீடியோ= வரியை அது மதிப்பதே இல்லை.

நோமோட்செட் என்றால் கர்னல் ரெசல்யூஷனைத் தொடாதே என்று பொருள். தொடாதே என்று சொல்லிவிட்டதால் ‘வீடியோ=’ வரிக்கு வேலை இல்லை. இந்த நிலையில்தான் ஜிஎஃப்எக்ஸ்மோட் வரியும் ‘கீப்’ என்ற சொல்லும் உண்மையில் பயன்படுகின்றன: கிரப் வைத்த அளவே கடைசிவரை நிற்கும். ஆனால் நோமோட்செட்டை நிலையாக வைத்துக்கொள்ள நான் சொல்லமாட்டேன். டெஸ்க்டாப்பும் மெதுவாகும். சரியான டிரைவரை நிறுவுவதற்கான பாலமாக மட்டும் அதைப் பயன்படுத்துங்கள்.

என்விடியாவின் சொந்த டிரைவர் உள்ளவர்கள், ‘என்விடியா-டிஆர்எம்.மோட்செட்=1’ என்ற வரியைக் கர்னலுக்குக் கொடுங்கள். புதிய பதிப்புகளில் அதே பாணியில் ‘எஃப்பிடெவ்=1’ என்பதும் உண்டு. இரண்டும் இருந்தால் கன்சோலும் மானிட்டரின் முழு ரெசல்யூஷனில் வரும்.

டிவியில் இணைத்தால் முதல் எழுத்தும் கடைசி வரியும் திரைக்கு வெளியே போகின்றன.

டிவி படத்தைச் சற்றுப் பெரிதாக்கி ஓரத்தை வெட்டுகிறது. டிவியின் படஅமைப்பில் ‘ஜஸ்ட் ஸ்கேன்’, ‘ஸ்கிரீன் ஃபிட்’ போன்ற பெயரில் ஒரு தேர்வு இருக்கும், அதை இயக்குங்கள். லினக்ஸில் மாற்ற எதுவும் இல்லை.

மானிட்டரைச் செங்குத்தாக நிறுத்தியிருக்கிறேன். கன்சோலைத் திருப்ப முடியுமா?

முடியும். கர்னலுக்கு ‘எஃப்பிகான்=ரொடேட்:1’ கொடுங்கள். 1 வலப்புறம், 2 தலைகீழ், 3 இடப்புறம்.

எழுத்துருவை மாற்றிய பிறகு பளிச்சென்ற நிறங்கள் போய்விட்டன. ஏன்?

பழைய விஜிஏ உரை முறையில் ஓடும் கணினியாக இருக்கும். கன்சோல் எழுத்துருவில் 256 அல்லது 512 வடிவங்கள் இருக்கலாம். 512 வடிவங்களுக்கு ஒரு பிட் கூடுதலாக வேண்டும். உரை முறையில் அந்தப் பிட்டை நிறத்திடமிருந்து எடுத்துக்கொள்கிறார்கள். 16 நிறம் 8 ஆகிறது. 256 வடிவங்கள் உள்ள எழுத்துருவுக்கு மாறினால் நிறம் திரும்பும். டெபியனின் எழுத்துத் தொகுப்புக் கேள்வியில், புள்ளியுடன் தொடங்கும் வரிகள் 512 வகை, அவற்றைத் தவிருங்கள். கிராபிக்ஸ் டிரைவர் ஏறிய கன்சோலில் இந்தத் தொல்லை இல்லை.

கட்டம் வரையும் கோடுகள் எல்லாம் கேள்விக்குறியாகவும் வேறு எழுத்தாகவும் வருகின்றன.

இரண்டு காரணம் இருக்கலாம். எழுத்துருவில் அந்தக் கோடுகளே இல்லாமல் இருக்கலாம். ‘ஷோகன்சோல்ஃபாண்ட்’ கொடுத்தால் எழுத்துருவிலுள்ள வடிவங்கள் முழுவதும் திரையில் வரும், கண்ணால் பார்த்துவிடலாம். கோடுகள் இருந்தும் வரவில்லையென்றால் கன்சோல் யுடிஎஃப்-8 நிலையில் இல்லை, ‘யுனிகோட்_ஸ்டார்ட்’ கொடுங்கள்.

கன்சோலில் தமிழ் வருமா?

மனத்துக்கு நெருக்கமான கேள்வி, ஆகவே முழுமையாகச் சொல்கிறேன். கர்னலின் கன்சோலில் தமிழ் சரியாக வராது. காரணம் எழுத்துரு இல்லாமை அன்று. 247 எழுத்துகளுக்கும் வடிவம் வரைந்தாலும் 512 என்ற வரம்புக்குள் அடங்கும். சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. ‘வேலூர்’ என்ற ஊர்ப் பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். கோப்பில் அது ஆறு குறியீடுகளாக இருக்கிறது: வ, ஏகாரக் கொம்பு, ல, ஊகாரக் குறி, ர, புள்ளி. கொம்பு வகரத்துக்குப் பின்னால் சேமிக்கப்பட்டிருந்தாலும் முன்னால் வரைய வேண்டும். லகரமும் ஊகாரக் குறியும் சேர்ந்து ‘லூ’ என்ற புதிய வடிவம் ஆக வேண்டும். புள்ளி ரகரத்தின் தலையில் ஏற வேண்டும். கன்சோலோ ஒரு குறியீட்டுக்கு ஒரு வடிவம், ஒரு வடிவத்துக்கு ஒரு கட்டம் என்று வந்த வரிசையில் அடுக்குகிறது. முன்பின் மாற்றவும் இரண்டைச் சேர்த்து ஒன்றாக்கவும் அதற்குத் தெரியாது. டெபியன் நிறுவியில் தமிழ் வரைகலை முறையில் மட்டும் கிடைப்பதும், உரை முறைப் பட்டியலில் இல்லாததும் இதே காரணத்தால்தான்.

கன்சோலில் தமிழ்க் கோப்புப் பெயர்கள் கட்டம் கட்டமாகத் தெரிந்தால் பதறாதீர்கள்; கோப்பும் பெயரும் அப்படியே இருக்கின்றன, வரைய மட்டும் முடியவில்லை. கணினியின் மொழியையே தமிழாக வைத்திருப்பவர்கள் கன்சோலில் செய்திகளைப் படிக்க, ‘எக்ஸ்போர்ட் லேங்=சி.யுடிஎஃப்-8’ என்று கொடுத்தால் அந்த அமர்வுக்கு ஆங்கிலத்தில் வரும். ‘லேங்’, ‘சி’, ‘யுடிஎஃப்’ மூன்றும் பெரிய எழுத்து. தமிழிலேயே பார்க்க வேண்டுமென்றால் கர்னலின் கன்சோலை விட்டு வெளியே வர வேண்டும். கேஎம்எஸ்கான் என்ற மாற்றுக் கன்சோல் எழுத்து வரைய பாங்கோ நூலகத்தைப் பயன்படுத்தக்கூடியது. அதிலும் கட்டங்களுக்குள் எழுத்து நெருக்கியடிக்கும். தமிழ் உரையோடு நாள் முழுவதும் வேலை செய்பவர்களுக்கு, எடை குறைந்த டெஸ்க்டாப் ஒன்றில் தமிழ் எழுத்துருவுடன் டெர்மினலைத் திறந்து வைப்பதே என் பரிந்துரை.

ஷிஃப்ட்-பேஜ்அப் அழுத்தினால் மேலே போன வரிகள் வருவதில்லை. எழுத்தைப் பெரிதாக்கியதாலா?

இல்லை. 2020-ல் வந்த 5.9 கர்னலில் அந்த வசதியையே எடுத்துவிட்டார்கள். எழுத்து பெரிதானதால் வரிகள் சீக்கிரம் மேலே ஓடுவது மட்டும் உண்மை. நீளமான வெளியீட்டை ‘லெஸ்’ வழியாகப் பாருங்கள், அல்லது லாகின் ஆனதும் ‘டிமக்ஸ்’ தொடங்கிவிடுங்கள். அதில் பின்னோக்கிப் போகலாம்.

அப்பாவுக்குக் கண்புரை. 32 உயரமும் போதவில்லை. இன்னும் பெரிதாக்க வழி இல்லையா?

கர்னல் நீண்ட காலம் 32×32-க்கு மேல் எழுத்துருவை ஏற்கவில்லை. அண்மைய கர்னல்கள் 64×128 வரை ஏற்கின்றன. புதிய கர்னலும் (செட்ஃபாண்ட் அடங்கிய) புதிய கேபிடி தொகுப்பும் இருந்தால், 16×32 எழுத்துருவின் பெயருடன் ‘-டி’ சேர்த்து செட்ஃபாண்ட் கொடுங்கள்; இருமடங்காகும். 1920×1080-ல் 60 எழுத்து, 16 வரி. பழைய கர்னல் என்றால், ரெசல்யூஷனைத் தொடாதீர்கள் என்று மூன்றாம் கேள்வியில் சொன்னதற்கு இங்கே மட்டும் விலக்கு: 1280×720 வைத்து 16×32 எழுத்துருவைப் போடுங்கள். 80 எழுத்து, 22 வரி வரும். விளிம்பு கொஞ்சம் பிசிறும், ஆனால் அவரால் படிக்க முடியும். படிக்க முடிவதுதான் முக்கியம்.

எதையோ மாற்றினேன். இப்போது திரையே வரவில்லை. எப்படித் திரும்புவது?

‘வீடியோ=’ வரியால் வந்தது என்றால், கணினியை இயக்கியதும் எஸ்கேப் அல்லது ஷிஃப்ட் விசையால் கிரப் பட்டியலை வரவழைத்து, ஈ அழுத்தி, அந்த வரியை அழித்து, கண்ட்ரோல்-எக்ஸ். உள்ளே போனதும் கோப்பிலும் அழித்துவிட்டு ‘அப்டேட்-கிரப்’ கொடுங்கள். கொடுக்காவிட்டால் அடுத்த பூட்டில் மீண்டும் அதே நிலை.

எழுத்துருவால் வந்தது என்றால் டெஸ்க்டாப் வழியாகவோ இன்னொரு கணினியிலிருந்து எஸ்எஸ்எச் வழியாகவோ உள்ளே போய், கன்சோல்-செட்டப் கோப்பில் அளவை 8×16 ஆக்குங்கள், அல்லது விகன்சோல் கோப்பில் ஃபாண்ட் வரியை நீக்குங்கள். பிறகு பூட் படிமத்தையும் புதுப்பியுங்கள். திருத்தத் தொடங்கும் முன்பே அந்தக் கோப்புகளை வேறு பெயரில் நகலெடுத்து வைத்திருந்தால், இந்த வேலை ஒரே கட்டளையில் முடியும்.